பூசணத்துக்குப் பாதி, எனக்குப் பாதி

வாங்க அம்மிணி, வாங்க. வண்டியை அந்தப் புங்க மரத்து நெழல்ல நிறுத்துங்க. வெயில்ல நின்னா சீட்டு கொதிச்சுப் போகும், அப்பறம் உக்காரவே முடியாது. துளசிமணி ஊடுதானுங்களா? இதேதான். ஆனா அவ மாவு மில்லுக்குப் போயிருக்கறா. கரண்டு பத்து மணிக்குத்தான் வரும்னாங்க. வந்து, அரைச்சு, அங்க நாலு பேருகிட்ட நின்னு பேசிட்டுத்தான் வருவா. மத்தவங்ககிட்ட எல்லாம் நல்லாப் பேசுவா. நீங்க கட்டில்ல உக்காருங்க, மோர் கொண்டாறேன்.

இந்தாங்க. உப்பு போதுமுங்களா? நானே கலக்குனது.

நானா? நான் சென்னியப்பன். அவ ஊட்டுக்காரன். இந்தக் காடு, தோட்டம் எல்லாம் என்றதுதானுங்க, பட்டாவுல என்ற பேருதான் இருக்குது. இருந்தாலும் இட்டேரித் தடம் பூரா 'துளசிமணி ஊடு எது'ன்னு கேட்டுட்டு வந்திருப்பீங்க. வர்றவங்க எல்லாரும் இப்ப அப்படித்தான் கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் வெசனமில்லை. சொல்றேன், அவ்வளவுதான்.

மஞ்சளைப் பாக்க வந்தீங்களா? தா, பாருங்க. அக்கட்டால, கீழ்ப்பாதியில, இடுப்புக்கு மேல நிக்குதே, அது அவளுது. இக்கட்டால இங்கொண்ணும் அங்கொண்ணுமா, பல்லுப் போன வாயாட்டம் இருக்குதே, அது என்றது. நடுவுல ஒரு வாய்க்கால் போகுது பாருங்க, அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் எல்லை. சிரிக்காதீங்க. பாகிஸ்தானுக்குக் கூட இத்தனை ஒழுங்கா எல்லை போட்டிருக்க மாட்டாங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. அவ எங்கிட்டப் பேசி ஆறு மாசமாச்சு. ஆறு மாசம்! வைகாசியில வாயை மூடுனவ, இன்னைக்குக் கார்த்திகை. சோறு போடறா, சுடுதண்ணி வெக்கறா, வேட்டியைத் துவைச்சு மடிச்சு வெக்கறா. பேச்சு மட்டும் இல்லை. எதுக்குன்னு கேளுங்க. குடிச்சுட்டு வந்து அடிச்சனா? சீட்டாடிக் காட்டைத் தோத்தனா? ஒரு கும்பி எருவுல பூத்திருந்த பூசணத்தைக் கொன்னேன். பூசணத்தை! அதுக்கு ஆறு மாசம். மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க. படிச்சவங்க.

மூணு வருசமா எங்க மஞ்சள்ல கிழங்கு அழுகல். மேல பாத்தா இலை ஓரம் லேசா வெளுக்கும். அட, தண்ணி பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனைப்போம். தண்ணி விட்டா இன்னும் மோசம். தண்டைப் புடிச்சு இழுத்தா, சோத்துல கிடந்த முடியை உருவுனாப்புல கையோட வந்துரும். கீழ கிழங்கு கொழகொழன்னு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம்.

நான் சும்மா உக்காந்திருக்கலைங்க. நீல மருந்து இருக்குதுங்களே, காப்பர் மருந்து, அதை ஊத்துனேன். கேக்கலைன்னா ரெட்டிப்பா ஊத்துனேன். மருந்துக்கடைக்காரரு என்னைத் தூரத்துல பாத்தாலே சேரைத் தொடைச்சுப் போடுவாரு. கேக்காமயே டீ வரும். இந்த ஜில்லாவுல எனக்கு அத்தனை மரியாதை வேற எங்கயும் இல்லைங்க. அவரு சொன்னதை நான் ஒரு நாளும் தட்டுனதில்லை.

போன வருசம் பாதிக்கு மேல போயிருச்சு. அப்பத்தான் சொன்னேன், இன்னும் ஒரு வருசம் பாப்பேன், இதும் அழுகுனா மஞ்சளை ஏறக்கட்டிட்டு தென்னம்புள்ளையை வெச்சுட்டு, பெருந்துறைப் பக்கம் ஏதாச்சும் மில்லுல வாட்ச்மேனாப் போயிர்றேன்னு. கோவத்துல சொன்னதுதானுங்க. அவ அதை மனசுல வெச்சுக்கிட்டா. மறுவாரமே ரெண்டு பஸ் மாறி, அந்த வேளாண்மை ஆபீசுல மூணு நாள் பயிற்சின்னு கெளம்பிட்டா.

என்னது? நீங்கதான் அதை நடத்துனீங்களா? அட சாமி! அப்ப பாதித் தப்பு உங்களுதுங்க. மோர் குடிங்க, குடிங்க. விருந்தாளியை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மூணாம் நாளு ஒரு சர்ட்டிபிகேட்டோட வந்தா. கெட்டி அட்டை, தங்கக் கலர்ல ஓரம். சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சா. அதுக்கு மேல நான் தேதி கிழிக்கற காலண்டரை மாட்டுனேன். வேற என்ன பண்றது, அந்தச் செவுத்துல வேற ஆணி இல்லையே? அதுக்கும் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. ஏன்னு கேட்டா சொல்லலை. பொம்பளைங்க மனசு யாருக்குங்க தெரியும்.

பையில ஒரு பொட்டலம் கொண்டாந்திருந்தா. 'என்ன இது?'ன்னேன்.

'டிரைக்கோடெர்மாங்க மாமா. இதும் ஒரு பூசணம். நல்ல பூசணம்.'

'நம்ம கிழங்கு எதுனால அழுகுது?'

'அது கெட்ட பூசணத்தால.'

'அப்ப, திருடனைப் புடிக்கறதுக்குத் திருடனையே காவலுக்கு வெக்கச் சொல்ற.'

'முள்ளை முள்ளாலதானுங்க எடுக்கோணும்.'

பாத்தீங்களா, வாய்! 'வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கற சோலி இது'ன்னேன். அதுக்கு அவ நின்னு நெதானமாச் சொல்றா, 'மாமா, ஒரே ஒரு வருசம் என்ற பேச்சைக் கேளுங்க. கல்யாணமாகி இருவத்தாறு வருசத்துல இந்தக் காட்டுல நான் ஒரு ரோசனை சொன்னதுண்டுங்களா?'ன்னு. இல்லைதான். நான் கேட்டதுமில்லை, அவ சொன்னதுமில்லை. நல்லாத்தான போயிட்டிருந்துச்சு?

சரி, பண்ணித் தொலைன்னுட்டேன். வேப்ப மரத்தடியில நல்லா மக்குன எருவைக் கும்பியாக் குவிச்சு வெச்சா. அந்தப் பொடியைக் கலந்தா, வெல்லத் தண்ணி தெளிச்சா, ஈரச் சாக்கைப் போட்டு மூடுனா. தெனமும் காலையில போய் சாக்கைத் தூக்கிப் பாப்பா, தொட்டுப் பாப்பா, மோந்து பாப்பா, மறுபடி மூடுவா. எனக்குக் காய்ச்சல் வந்தப்பக் கூட அப்படிப் பாக்கலைங்க.

அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, அவ அண்ணன் ஊட்டுல காதுகுத்து. எனக்கு இங்க தண்ணி கட்டற வேலை, அதனால அவ மட்டும் போயிருந்தா. சரி, என்னதான் பண்ணி வெச்சிருக்கறான்னு நான் சாக்கைத் தூக்கிப் பாத்தேன். அட கெரகமே! எருவு பூரா வெள்ளை வெள்ளையாப் பஞ்சு புடிச்சு, அங்கங்க பச்சை பூத்துக் கெடக்குது. ரெண்டு வருசம் மக்குன எருவுங்க. பாவம், ஆசைப்பட்டுப் பண்ணுனாளே, இப்படிக் கெட்டுப் போச்சே, வந்து பாத்தா அழுவாளேன்னு மனசு கேக்கலை. உண்மையாச் சொல்றேன் அம்மிணி, அவ மேல இருந்த பிரியத்துலதான் செஞ்சேன். நீல மருந்தை எடுத்தேன், ரெட்டிப்பாக் கலக்குனேன், நாலு குடம் ஊத்துனேன். பூசணமெல்லாம் சுருண்டு போச்சு. கும்பியே நீலமாயிருச்சு. அப்பறம் இதே கட்டில்ல உக்காந்து, அவ வர்ற பஸ்சுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன், நல்ல பேரு வாங்கறதுக்கு.

வந்தா. தலையில பூவோட வந்தா. 'துளசி, உன்ற எருவு பூசணம் புடிச்சுப் போச்சு. நீ கவலைப்படாத, நான் மருந்து ஊத்திட்டேன்'னேன். நேராப் போய் சாக்கைத் தூக்குனா. நீல எருவை ஒரு கை அள்ளிப் பாத்தா. என்னைத் திரும்பிப் பாத்து, 'பூசணம் புடிக்கோணும்னுதான வெச்சேன்'னா.

அதுதானுங்க கடைசிப் பேச்சு.

சரி, ராத்திரி போய் விடிஞ்சா சரியாயிரும்னு நெனைச்சேன். காலையில எருமைக்குப் பால் கறந்துட்டு இருந்தவ, 'கீழ்ப்பாதி எனக்கு வேணும். நடுவுல நானே வாய்க்கால் வெட்டிக்கறேன். மேல்பாதியில யாரு என்ன கருமத்தை வேணா ஊத்திக்கட்டும்'னா. யாருகிட்டச் சொல்றான்னு சுத்திப் பாத்தேன். எருமைதான் நிக்குது. நானும் எருமையைப் பாத்து, 'குடுத்தாச்சுன்னு சொல்லு'ன்னேன். அன்னையில இருந்து எங்க குடும்பம் அந்த எருமை வழியாத்தான் நடக்குது. 'உப்பு தீந்து போச்சு', 'ஈபி காரன் வந்துட்டுப் போனான்', 'அவங்கக்கா போன் பண்ணுச்சு', எல்லாம் எருமைகிட்டத்தான். அதும் அசை போட்டுட்டே கேட்டுக்கும்.

கீழ்ப்பாதின்னா என்னங்க? பள்ளம். மழை பேஞ்சா தண்ணி நிக்கற எடம். மூணு வருசமும் அழுகல் ஆரம்பிச்சதே அங்கதான். பொழைச்சுப் போகட்டும்னு குடுத்துட்டேன். எனக்குத் தாராள மனசுங்க. ஊருக்காரனுகளுக்குத்தான் அது புரியலை. 'சென்னியப்பன் காட்டுல பூசணத்துக்குப் பாதி, அவனுக்குப் பாதி'ன்னு டீக்கடையில உக்காந்து சிரிக்கறானுக.

அவ மறுபடியும் ஒரு பொட்டலம் வாங்கியாந்து, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல புதுசாக் கும்பி வெச்சா. சுத்தியும் முள்ளு வெட்டிப் போட்டிருந்தா. கோழி கிளறாம இருக்கறதுக்குன்னு நெனைச்சேன். ஆனா கோழியெல்லாம் கூட்டுக்குள்ளதான் இருந்துச்சு. ஒண்ணும் புரியலைங்க.

நடவு முடிஞ்சுது. நான் என்ற பாதிக்குப் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா நீல மருந்து. அவ அவளோட பாதிக்குப் பூசணம். அதுல பாருங்க, தெனமும் பால் கறக்கறப்ப எருமைக்குப் பாடம் நடத்துவா. சத்தமா. நான் பல்லு வெளக்கிட்டு அந்தப்பக்கம் நிப்பேன், காதுல விழத்தான செய்யும்? 'கேட்டுக்கோ. இந்த நல்ல பூசணம் வேர்மேல போய்க் குடியேறிக்கும். கெட்டது வந்தா, கொடியாட்டம் அதைச் சுத்திப் புடிச்சு, ஓட்டையைப் போட்டு உறிஞ்சிரும். வேர் அதுக்குச் சும்மா எடம் குடுக்காது, கொஞ்சம் சக்கரையும் குடுக்கும். சோறு போட்டாத்தான காவக்காரன் நிப்பான்? அது வந்து தொட்டதுமே வேருக்கும் ஒரு சுதாரிப்பு வந்துரும். அடுத்தாப்புல கெட்டது வந்தா வேரே எதுத்து நிக்கும். ஆனா ஒண்ணு, கூட இருக்கறவன் வெசத்தை ஊத்தாம இருக்கோணும்.'

அந்த எருமைக்கு இன்னைக்குப் பரீட்சை வெச்சா பாஸாயிரும் அம்மிணி.

புரட்டாசியில மழை புடிச்சுது. நாலு நாள் விடாத மழை. அஞ்சாம் நாள் காட்டுக்குப் போறேன், என்ற பாதியில அங்கங்க இலை வெளுத்திருக்குது. இழுத்தேன். கையோட வந்துச்சு. பக்கத்துல இழுத்தேன், அதும் வந்துச்சு. வாய்க்காலைத் தாண்டி அவ பாதியைப் பாத்தா, பள்ளத்துல, கணுக்கால் தண்ணியில, கல்லாட்டம் நிக்குது. ரெண்டு செடியை அசைச்சுப் பாத்தேன். அசையலை.

கண்ணு பட்டிருச்சுன்னு முடிவு பண்ணுனேன். என்ற பாதிதான ரோட்டோரம் இருக்குது? போறவன் வர்றவன் கண்ணெல்லாம் அதுமேலதான் விழும். பூசணிக்காய்ல மூஞ்சி வரைஞ்சு கட்டுனேன். ஒரு வாரத்துல பூசணிக்காயும் அழுகிப் போச்சு.

இனி நான் சொல்றதை நீங்க யாருகிட்டயும் சொல்லப்படாது. ஒரு சனிக்கெழமை, அவ பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல, நான் பொடக்காளிக்குப் போய் முள்ளை ஒதுக்கி, அவ கும்பியில இருந்து ரெண்டு கூடை அள்ளிட்டேன். என்ற ஊட்டு எருவை நானே திருடுனேன். கையில முள்ளு ஏறி ரத்தம். கொண்டு போய் இருவது வரிசைக்கு, செடி செடியாச் சுத்தி வெச்சேன். மண்ணை அணைச்சேன். சாமி, பூசணமோ பூதமோ, காப்பாத்துன்னு கும்பிட்டேன். அப்பறம் சாயந்தரம், எதுக்கும் இருக்கட்டும்னு, அதுமேல நீல மருந்தை ஒரு தடவை ஊத்துனேன்.

ஏனுங்க? ஏன் இப்படிச் சிரிக்கறீங்க? மோரு மூக்குல ஏறிக்கப் போகுது. தலையில தட்டுங்க, தட்டுங்க.

என்னது? நீல மருந்து எல்லாப் பூசணத்தையும் கொல்லுமா? நல்லது கெட்டது அதுக்குத் தெரியாதா?

அப்ப... நானே வெச்சு, நானே கும்பிட்டு, நானே கொன்னனா?

அட. அட கெரகமே. இருவது வரிசையும் படுத்ததுக்கு அப்பறம் நான் டீக்கடையில போய் 'பூசணமெல்லாம் சும்மா பேச்சு, நானும் போட்டுப் பாத்துட்டேன்'னு நாலு பேருகிட்டச் சொன்னேனுங்களே. மருந்துக்கடைக்காரரும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாரே. இதை யாராச்சும் முன்னயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?

சொன்னாளா? ஆமா, சொன்னா. வெசத்தை ஊத்தாம இருக்கோணும்னு எருமைகிட்டச் சொன்னா. என்னையத் திட்டறான்னு நெனைச்சுட்டேன்.

கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

எந்த வரிசை? அதுங்களா. அந்த வாய்க்காலை ஒட்டி, என்ற பக்கத்துல, பத்து வரிசை பச்சைப் பசேல்னு நிக்குதே, அதானே கேக்கறீங்க? வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேப்பாங்க. அது நீல மருந்தோட வேலைன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். மருந்துக்கடைக்காரரு நேர்ல வந்து, அந்தப் பத்து வரிசைக்கு நடுவுல என்னை நிக்க வெச்சு, கையில டப்பாவைக் குடுத்துப் போட்டோ எடுத்துட்டுப் போனாரு. கடையில மாட்டியிருக்கறாரு. போனீங்கன்னா பாருங்க, சிரிச்ச மூஞ்சியா இருப்பேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க அம்மிணி.

சரி. சொல்லிர்றேன். உங்ககிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. ஐப்பசியில ஒரு நாள், விடியக்காலம், மோட்டார் போடலாம்னு போனேன். வாய்க்காலுக்கு இந்தப்பக்கம், என்ற பக்கத்துல, அவ உக்காந்திருக்கறா. கூடையில எருவு, சொம்புல வெல்லத் தண்ணி. குத்துக்கால் போட்டு உக்காந்து ஒவ்வொரு தூருக்கா ஒரு கை வெக்கறா, மண்ணை அணைக்கறா, நகர்றா. நான் ஓரத்து மக்காச்சோளத்துக்குள்ள பூந்து நின்னுட்டேன். அவ பேசறா அம்மிணி. செடிகிட்டப் பேசறா. 'அந்த மனுசன் என்ன பண்ணுனாலும் நீ பொழைச்சுக்கோ சாமி. அந்த மனுசன் வாட்ச்மேன் வேலைக்கெல்லாம் போனா ஒரு வாரம் தாங்காது. முட்டி வலி. நீ பொழைச்சுக்கோ'ன்னு.

கொசு புடுங்கி எடுக்குது. நான் அசையவே இல்லை. அவ பத்து வரிசையும் முடிச்சுட்டுப் போற வரைக்கும் நின்னேன். எனக்கு முட்டி வலின்னு அவளுக்கு யாரு சொன்னா? நான் சொல்லவே இல்லை. எருமைகிட்டக் கூடச் சொல்லலை.

அன்னையில இருந்து அந்தப் பத்து வரிசைக்கு மட்டும் நான் மருந்து ஊத்தறதில்லைங்க. மருந்துக் குடத்தைத் தூக்கிட்டு அது வரைக்கும் போவேன், அங்க நிறுத்திக்குவேன். ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? அவளுது அதுன்னு மட்டும் தோணுச்சு. ஊருகிட்ட மட்டும் காப்பர்னே சொல்லிட்டேன், மானம்னு ஒண்ணு இருக்குதுங்களே. ஆனா அவகிட்டப் போய், 'துளசி, தப்புப் பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லோணும். தெனமும் காலையில சொல்லிரலாம்னு எந்திரிக்கறேன். பல்லு வெளக்கறப்ப வாய் வரைக்கும் வருது. அவ மூஞ்சியைப் பாத்ததும் 'கரண்டு வந்திருச்சான்னு கேளு'ன்னு வேற ஏதோ வந்துருது. இருவத்தாறு வருசத்துல அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமே இல்லைங்க. ஊட்டுக்குள்ள அவ சத்தம் இல்லாம இருக்கறது, மழைக்காலத்துல கூரை சொட்டாம இருந்தா என்னமோ தப்பாத் தெரியுமே, அப்படி இருக்குது. திட்டுனாக் கூடப் பரவாயில்லை.

சரி, என்ற கதையை விடுங்க. நீங்க வந்த சோலியைச் சொல்லுங்க.

என்னது? அவளைச் சொல்லிக் குடுக்கக் கூப்பிட வந்தீங்களா? வர்ற புதன்கெழமையா? நாப்பது பேருக்கா? மேடையில நின்னா?

அவ எங்கிருந்துங்க பேசுவா. அவளுக்கு... இல்லை இல்லை, பேசுவா. நல்லாவே பேசுவா. நாந்தான் அஞ்சாறு மாசமாக் கேட்டிருக்கறனே. அந்தக் காவக்காரன் கதையைச் சொன்னா சின்னக் கொழந்தைக்கும் புரியும். மைக் கூட வேண்டாம், சத்தமாத்தான் சொல்லுவா. அனுப்பி வெக்கறேனுங்க. நான் யாரு அனுப்பறதுக்கு, அவளே வருவா. பஸ் மாறோணும், நானே டிவிஎஸ்ல கொண்டாந்து விட்டுர்றேன். பின்னால உக்காந்துக்குவா. உக்காரறதுக்குப் பேச வேண்டியதில்லையே.

ஆம்பளைகளும் வருவாங்களா? ஓகோ. விவசாயி யாரு வேணா வரலாமா? வர்றதுன்னா முன்னாலயே பேரு குடுக்கோணுமா? அந்த நோட்டுலதான் எழுதறீங்களா?

அம்மிணி, ஒரு சந்தேகம். சொல்லிக் குடுக்கறப்ப நடுவுல யாராச்சும் எந்திரிச்சு கேள்வி கேக்கலாமுங்களா? கேக்கலாமா? சரி. கேட்டா, மேடையில இருக்கறவங்க கேட்டவன் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்லித்தான ஆகோணும்? ஆபீஸ் சட்டம் அப்படித்தானுங்களே? நாப்பது பேருக்கு முன்னால பேசாம திரும்பிக்க முடியாதில்லீங்க?

அப்ப எழுதிக்கோங்க. சென்னியப்பன். ரெண்டு ஏக்கர் மஞ்சள். கடைசி வரிசையில ஓரமா ஒரு எடம் போதும். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் நான் தப்பு பண்ணிட்டேன்னுதான் ஆரம்பிக்கும்.